இடுப்பில் தெரியாத ரிவால்வர்

சின்ன ரிவால்வருக்கு முதல் குணம், அது வெளியே தெரியக்கூடாது. சட்டையை வெளியே விட்டால் போதும், அது இருக்கிற இடம் தெரியக்கூடாது. நான் வைத்திருந்தது அப்படித்தான். உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினால் குழலின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்.

நான் வைத்திருந்தது என்று சொல்லலாம். என்னுடையது என்று சொல்ல முடியாது. முதலாளியுடையது. உரிமம் அவர் பெயரில். அவருக்காக எடுத்துச் செல்லுகிறவன் என்று அதே உரிமத்தில் என் பெயரையும் போட்டிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரேஷன் கார்டுக்கு அடுத்து என் பெயர் எழுத்தில் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

முதலாளிக்கு சங்கரன்கோவிலில் சேலை வியாபாரம். விசைத்தறிக்காரர்களுக்கு நூல் கொடுப்பார், சேலையாக வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். ஒரு இடத் தகராறில் கரிவலம் ரோட்டில் அவர் காரை மறித்துவிட்டார்கள். அரிவாள் கண்ணாடியில் விழுந்தது. அவர் மேல் விழவில்லை. அதற்குப் பிறகுதான் அலைந்து திரிந்து உரிமம் வாங்கினார், ரிவால்வரும் வாங்கினார். வாங்கிக் கையில் எடுத்தால் கை நடுங்கியது. ஒரு நாளும் நடுக்கம் நிற்கவில்லை. அதனால் ஆள் தேடினார்.

எனக்குப் பனவடலிசத்திரம் பக்கம் ஊர். மேற்கே மலையில் ஒரு எஸ்டேட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் இருந்தேன். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளை இல்லை. அப்படி ஒரு ஆள்தான் அவருக்கும் வேண்டியிருந்தது.

"நீரு நெறய பேசுவீராவே?" என்று கேட்டார்.

"தேவைன்னா பேசுவேன்."

"தேவை வராது" என்றார். வேலை கிடைத்துவிட்டது. குடோன் மாடியில் ஒரு அறையும் கிடைத்தது.

ரிவால்வரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அது ரொம்ப லேசாக இருக்கக்கூடாது. லேசாக இருந்தால் சுடும்போது கையை உதைக்கும். ரொம்பக் கனமாகவும் ஆகாது. வேட்டியை இழுக்கும், நடை மாறும். நடை மாறினால் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். பின்பக்கம் அடிக்கிற சுத்தி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. அவசரத்தில் எடுக்கும்போது சட்டையில் மாட்டும். எங்களுடையது நீட்டிக்கொண்டு இருந்தது. ஆரம்பத்தில் எடுத்துப் பழகும்போது இரண்டு சட்டை கிழிந்தது. பிறகு எடுக்கும்போதே கட்டைவிரலை அதன் மேல் வைத்து எடுக்கப் பழகினேன்.

விசை கொஞ்சம் கெட்டியாக இருப்பது நல்லது. ரொம்பப் பேர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெட்டியாக இருந்தால் விரல் அமுங்கி முடிவதற்குள் மனசு மாற இடம் இருக்கும்.

குழல் குட்டையாக இருப்பதால் தூரத்து ஆளைச் சுட முடியாது. அதுவும் நல்லதற்குத்தான். தூரத்தில் நிற்கிறவன் நம்மை என்ன செய்துவிடப் போகிறான்? கிட்டே வந்தவனுக்கு மட்டும்தான் அது. கிட்டே வந்தால் அவன் முகம் தெரியும்.

பிடிக்கு மரம்தான் சரி. ரப்பர் வியர்வையில் சட்டையோடு ஒட்டும். சங்கரன்கோவில் வெயிலுக்கு இரும்பின் முதல் எதிரி வியர்வைதான். சாயங்காலம் துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் துரு அண்டாது. துடைக்கும்போது உருளையை வெளியே தள்ளிப் பார்ப்பேன். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று ஓட்டைகள் வழியே கண்ணுக்கே தெரிந்துவிடும். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் வெளிச்சம் வரும். ரிவால்வரில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

ஆனால் அதை இடுப்பில் வைத்திருக்கிற ஆளைத் திறந்து பார்க்க முடியாது. அதுதான் பிற்பாடு கஷ்டமாகிவிட்டது.

முதலாளி சில சட்டம் வைத்திருந்தார். குடிக்கக்கூடாது. யாரோடும் வாக்குவாதம் கூடாது. கூட்டத்துக்குள் போகக்கூடாது, எவன் கையாவது இடுப்புக்குப் போய்விடும். எல்லாம் நியாயமான சட்டம்தான். அதனால் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே ரத வீதியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது நான் ஒரு கடை வாசல்படியில் ஏறி நிற்பேன். சனத்தின் தலைகள் தெரியும். சப்பரத்தின் உச்சி தெரியும். சனங்கள் நேர்த்திக்குப் பருத்தியும் வத்தலும் வீசுவது தெரியும். சாமி தெரியாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டேன். முதலாளி சாப்பிட்டு எழுந்த பிறகு கார் பக்கத்தில் நின்று ஒரு பொட்டலத்தைத் தின்பேன். தங்கச்சி வீட்டுக்குப் போனால் அவள் பிள்ளைகள் மடியில் ஏறாமல் இருக்க நின்றுகொண்டே பேசிவிட்டு வந்துவிடுவேன். பிறகு போவதும் குறைந்துவிட்டது.

உட்காருகிற இடம் ஒன்றுதான் இருந்தது. தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை. காலையில் முதலாளி பூஜை முடிக்கிற வரைக்கும் எனக்கு நேரம் உண்டு. அங்கே ஒரு நீளப் பெஞ்சு. நான் வலது கைப் பக்கம் வைத்திருப்பவன். என் வலது பக்கம் ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும். கடையில் ஆள் நின்று குடித்தாலும் அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள்.

ஊருக்கே தெரியும். யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் தெரியும்.

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் தறி ஓட்டுகிற ஒருவர் இருந்தார். என் வயதுதான். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. காதோடு ரகசியம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார். நான் ரோட்டைத் தாண்டும்போதே அவர் ரகசியம் கேட்கும்.

"ஏலே, துப்பாக்கிக்காரரு வாராரு. தள்ளி உக்காரு."

"சும்மா இருடே, அவருக்குக் கேக்கும்."

"எங்கன கேக்கும்? மெதுவாத்தான சொல்லுதேன்."

"தள்ளிட்டாச் சரியாப் போயிருமா? தும்முனாலே வெடிச்சிருமாம்லா."

"அதான் நான் எந்திரிச்சு நின்னே குடிக்கேன்."

டீ மாஸ்டர் என் டம்ளரைப் பெஞ்சில் வைக்கும்போதும் எட்ட நின்று கையை நீட்டித்தான் வைப்பார். யாருக்கும் என் மேல் கோபம் கிடையாது. மரியாதையாகத்தான் இருந்தார்கள். மரியாதை ஒரு ஆள் உட்காரும் அகலம் இருந்தது.

தேர்தல் வந்தால் எல்லாம் மாறும். தேர்தல் அறிவித்ததும் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். முதல் தடவை ஒப்படைத்துவிட்டு வந்த மறுநாள் டீக்கடைக்குப் போனேன். தறிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்தார். என் இடுப்பை ஒரு தட்டுத் தட்டினார்.

"மக்கா, எலெக்சன் வந்துட்டு. அண்ணாச்சி இடுப்பு இப்ப ஃப்ரீ!"

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஞாபகம் இல்லை. இடுப்பில் அவர் கை பட்ட இடம் ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தேர்தல் முடிகிற வரைக்கும் அவர் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டுவலியைப் பற்றிச் சொன்னார். எந்த எண்ணெய் தேய்த்தார், எது கேட்கவில்லை, எந்த வைத்தியர் சரியில்லை, எல்லாம். மகள் கல்லூரிப் பஸ் லேட்டாக வருவதைச் சொன்னார். வடையைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தார். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கும் அது வசதி. நான் பேசினால் அவருக்குக் கேட்காது.

ஓட்டு எண்ணினார்கள். முதலாளியோடு ஸ்டேஷனுக்குப் போய் வாங்கி வந்தேன். மறுநாள் பெஞ்சில் இடம் காலி.

"ரிசல்ட் வந்துட்டுடே" என்று தறிக்காரர் ரகசியம் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படித்தான். யார் ஜெயித்தால் என்ன என்று எனக்குக் கவலை கிடையாது. அடுத்த தேர்தல் எப்போது என்பது மட்டும்தான். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகிறது என்று டீக்கடைப் பேப்பரில் வாசித்தார்கள். ஊரில் அதற்காக வருத்தப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். அன்று முதலாளி வீட்டில் இருக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். தராசு, கால்குலேட்டர், கார், தையல் மெஷின். ரிவால்வரையும் தட்டில் வைக்கச் சொல்லுவார். தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு வைப்பேன். பொட்டு வைப்பது வீட்டம்மா.

"இத்துணூண்டு இருக்கு. இதுக்கு முகம் எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. "அங்கன வைங்கம்மா" என்று பொதுவாகச் சொன்னேன்.

அந்த அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யாது. உருளையைச் சுற்றிக் குழைவாகச் சந்தனத்தை அப்பி, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டது. பெரிய துப்பாக்கியாக இருந்தால் மரக்கட்டையில் ஒரு பொட்டோடு போயிருக்கும். சின்னதில் எங்கே வைத்தாலும் எந்திரத்துக்குள் போய்விடுகிறது. பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் எடுக்கக்கூடாது. விடிந்ததும் எடுத்துப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து, உருளை அசையவில்லை. ஆட்டுக்கல் மாதிரி நின்றது.

வாசலில் கார் நின்றது. முதலாளிக்கு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாயத்து.

"சரியா இருக்காவே?"

"சுத்த மாட்டேங்கு."

"ஏன்?"

"சந்தனம்."

அவர் உள்ளே ஒரு தடவை பார்த்தார். வீட்டம்மா பூ வைத்துக்கொண்டிருந்தது. "கார்ல ஏறும். வெளிய சொல்லாதயும்" என்றார்.

அன்று முழுவதும் சுற்றாத ரிவால்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றேன். பஞ்சாயத்தில் சத்தம் பெரிதாக இருந்தது. ஒருவன் எழுந்து வந்தான். என் இடுப்பைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். வேலை செய்யாதபோதும் அது வேலை செய்தது. திரும்பி வந்து மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் வேப்பங்குச்சியும் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகச் சுத்தம் செய்தேன். ஆனாலும் வெயிலில் சூடாகும்போது இடுப்பிலிருந்து சந்தன வாசம் வரும். ரொம்ப நாள் வந்தது. அடுத்த வருஷம் வாழையிலையில் சுற்றிக் கொடுத்தேன். அம்மா இலை மேல் பொட்டு வைத்தது.

அதை நான் ஒரு ஆளைப் பார்த்து எடுத்ததே இல்லை. சின்ன ரிவால்வருக்கு இதைவிட நல்ல பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

முதலாளி மாரடைப்பில் போனார். ஆஸ்பத்திரியில் கதவுக்கு வெளியே நின்றேன். இடுப்பில் ரிவால்வர் தோட்டா நிரப்பி, துடைத்து, சரியாக இருந்தது. மாரடைப்புக்கு அது ஒன்றும் செய்யாது.

கொள்ளி வைத்துவிட்டு வந்தவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய் ரிவால்வரை ஒப்படைத்தேன். உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் அதுதான் முறை.

மகன் கோயம்புத்தூரில் இருந்தவர். காரியம் எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். வியாபாரத்தை அவர்தான் பார்க்கப் போகிறார் என்றார்.

"அண்ணாச்சி, அப்பா பேர்ல இருந்தத என் பேருக்கு எழுதிக் கேக்கலாம்னு இருக்கேன். நீங்களே வச்சுக்கிடுங்க. முன்ன மாதிரி எங்கூட வாங்க. நீங்க மாட்டேன்னா வித்திருவோம். எனக்கு அதத் தொடவே பிடிக்கல."

வேலை, அறை, எழுத்தில் என் பெயர், எல்லாம் அதில் இருந்தது. மறுநாள் சொல்லுகிறேன் என்று வந்துவிட்டேன். யோசிப்பதற்கு அவ்வளவு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் இது எல்லாம். இன்னொரு பக்கம் தேரடிப் பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம். இனி எவ்வளவு காலம் இருப்பேன், அதில் எத்தனை தேர்தல் வரும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"வேண்டாம் தம்பி" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி? பயமா?"

"பயமில்ல. கனமா இருக்கு."

"சின்னதுதான அது."

"சின்னதுதான்."

உள்ளேயிருந்து வீட்டம்மா சொன்னது. "அவரு வேண்டாம்னா விட்ரு. அவரு பாட்டுக்குக் குடோன் கேட்டுல இருக்கட்டும். ரூமும் இருக்கட்டும்."

ரிவால்வரைத் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவருக்கு முறைப்படி விற்றுவிட்டார்கள். அவர் அதை யாருக்குக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். வலது பக்கம் காலி. சரி, சொன்னால்தானே தெரியும் என்று இருந்தேன். எனக்காக எதையும் சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு மூன்று நாள் போனது. தறிக்காரர் நின்று குடித்தார். நின்றால் அவருக்கு முட்டு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இப்ப அது இல்ல" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. டீ மாஸ்டர் கத்திச் சொன்னார். "அது இல்லையாம்!"

"எது?"

"துப்பாக்கி!"

தறிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எலெக்சன் ஒண்ணும் அறிவிக்கலயேவே."

"வித்தாச்சு."

"யாரு விப்பா? பெரியவரு போயிட்டாரு. இனிமேத்தான சின்னவருக்கு நீரு வேணும்." பிறகு டீ மாஸ்டரிடம் ரகசியம். "இல்லன்னுதான சொல்லுவாரு. இருக்குன்னு சொல்லிட்டா இடுப்புல வைப்பாவ? முன்ன இருக்கும்போதும் ஒண்ணும் தெரியல. இப்பவும் ஒண்ணும் தெரியல. என்ன வித்தியாசம்?"

அவர் சொன்னது சரி. முதல் குணம் என்று நான் எதை நினைத்தேனோ அது இப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது. தேர்தலுக்கு ஸ்டேஷனில் கொடுத்தால் ஊர் நம்பும். எலெக்சன் எல்லாருக்கும் பொது. என் வாயை நம்ப என்ன இருக்கிறது? நான் அவர்களிடம் பேசியதே கிடையாது.

அறைக்கு வந்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. கண்ணாடி முன்னால் சும்மா நின்று பார்த்தேன். வலது முழங்கை உடம்பை விட்டு விலகி, இடுப்புக்குக் காவல் மாதிரி நின்றது. தோள் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. கையை இறக்கினால் கொஞ்ச நேரம் இருக்கும். மறந்தால் திரும்ப அங்கேயே போய்விடும். அவர்கள் அந்த முழங்கையைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆனி போனது. காலையில் குடோன் கேட்டைத் திறப்பேன், சாயங்காலம் பூட்டுவேன். நடுவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் எழுந்து போவேன். டீக்கடைப் பெஞ்சில் அந்த இடம் முன்பு போலக் காலியாகத்தான் இருந்தது. முன்பு அதற்கு ஒரு காரணம் இடுப்பில் இருந்தது.

ஆடித்தபசு வந்தது. என்னைக் கூட்டத்துக்குள் போகாதே என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. கடை வாசல்படியில் ஏறப்போன கால் நின்றது. சட்டையைக் கழற்றி, தெரிந்த கடையில் கொடுத்துவிட்டு, வேட்டியும் தோளில் துண்டுமாக ரத வீதிக்குள் இறங்கினேன். எல்லாப் பக்கமும் ஆள். வியர்வை. யார் முதுகோ என் நெஞ்சில் ஒட்டியது. யார் பையோ விலாவில் இடித்தது. பின்னால் ஒரு பெரியவர், வெளியூர்க்காரர், கூட்டம் தள்ளும்போது விழாமல் இருக்க என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சரியாக அந்த இடத்தில். உடம்பு முழுவதும் ஒரு தடவை தூக்கிப் போட்டது. கை தட்டிவிடப் போனது. நிறுத்திக்கொண்டேன்.

"கொஞ்சம் பிடிச்சுக்கிடுதேன் தம்பி" என்றார்.

"பிடிச்சுக்கிடுங்க."

தபசுக் காட்சி முடிகிற வரைக்கும் அவர் கை அங்கேதான் இருந்தது. சாமியைப் பார்த்தேன். பிறகு கூட்டம் அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடைக்குச் சட்டை போடாமலே போனேன். துண்டைத் தோளில் போட்டேன். இடுப்பில் வேட்டி மட்டும். அதையும் கொஞ்சம் இறக்கிக் கட்டியிருந்தேன். தறிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னவே இது கோலம்? சட்டை எங்க?"

இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கி, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இடுப்பின் வலது பக்கம் உறை உரசி உரசித் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"எலேய்" என்றார் தறிக்காரர், நிஜமாகவே மெதுவாக. "நெசந்தாம்ல."

நான் உட்கார்ந்தேன். அவர் டம்ளரோடு வந்து வலது பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு உட்கார்ந்தார். போன தேர்தலில் விட்ட இடத்திலிருந்து, தென்காசியில் ஒரு வைத்தியரைப் பார்த்த கதையை ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"அதான் இல்லயேவே. பொறவு எதுக்கு முழங்கைய இப்படி வச்சிருக்கீரு? விலாவுல குத்துது."

"மறந்துட்டேன்" என்று கையை மடியில் வைத்தேன்.

அவர் வைத்தியர் கதைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் முழங்கை தானாகப் பழைய இடத்துக்குப் போனது. அவர் பேசிக்கொண்டே அதைத் தள்ளிவிட்டார்.